நீள முடிக்கு ஒரு ரூபா ஜாஸ்தி

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் சலூன்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னார்:

"சின்னப் பசங்களுக்குக் கம்மி, நீள முடிக்கு ஒரு ரூபா ஜாஸ்தின்னு போர்டு மாட்டியிருந்தேன்ல, நேத்து அழிச்சிட்டேண்ணே."

"ஏம்பா? ஸ்டெப் கட்டிங் பசங்க சண்டைக்கு வந்தாங்களா?"

"இல்லண்ணே. தோள் வரைக்கும் முடி வெச்சிருந்த ஒருத்தன் வந்தான். ஸ்டைலுக்குத்தான்னு நெனச்சி சீப்பால தூக்கினா, ஒரு பக்கம் காதே இல்ல. சின்ன வயசுல தீக்காயமாம். பொண்ணு பாக்கப் போறானாம். அந்தப் பக்கத்த மூடி வெட்டுங்கன்னான்."

பெரியவர் கேட்டார்: "அப்புறம்?"

"வெட்டிட்டு கண்ணாடியக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தான். 'வேணாண்ணே, ஒட்ட வெட்டிடுங்க. அவங்களும் என்னை நல்லாப் பாக்கட்டும்'னான்."

"வெட்டினியா?"

"வெட்டினேன். அவன் போனதும் மொத வேலையா போர்டுல அந்த நீள முடி வரிய அழிச்சேன்."