குழாயில் ஒரு ஜன்னல்

நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வரும். ஊரறிந்த விஷயம், ஐயா, நீங்கள் கூச்சப்பட வேண்டாம். கல்யாணமான புதிதில் என் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நாளில் கையை எடுத்துக்கொண்டு காய் நறுக்கப் போய்விட்டாள். பட்டறையில் எனக்கு ‘விளக்கவுரை’ என்று பட்டப்பெயர். அதை வைத்தவர் என் தங்கையின் கணவர். அவர் செத்துப்போனதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

விபத்து என்று எழுதி நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள். நல்ல மனசோடுதான் மூடினீர்கள், எனக்கு ஆறுதல் சொல்லி டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள். மூடியதைத் திறக்கச் சொல்லி நானே வந்து உட்கார்ந்திருப்பது உங்களுக்கு வினோதமாக இருக்கும். மனசாட்சி உறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்ற காவலரிடமும் அப்படித்தான் சொன்னேன், உடனே நாற்காலி போட்டார். மனசாட்சிக்கு இப்போதும் ஒரு மரியாதை இருக்கிறது.

எங்களுடையது துப்பாக்கி பழுது பார்க்கிற கடை. சுடும் கழகத்துக்காரர்களும், காட்டுப்பன்றி தொல்லை உள்ள பண்ணைக்காரர்களும் வருவார்கள். முன்பக்கம் கண்ணாடி மேஜையும் விற்பனையும், பின்பக்கம் பட்டறை. அப்பாவுக்குப் பிறகு பின்பக்கம் எனக்கு, முன்பக்கம் மாப்பிள்ளைக்கு என்று தானாக அமைந்துவிட்டது. கடவுள் எனக்குக் கையையும் அவருக்கு வாயையும் கொடுத்திருந்தார். சேர்ந்து ஒரு முழு ஆள் என்று என் தங்கை சொல்லுவாள்.

லீவர் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகவே சொல்கிறேன். என் சுருக்கம் எப்படிப்பட்டது என்று என் வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம்.

விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற மாதிரி ஒரு வளையம் இருக்கிறதே, அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் உள்ளே போல்ட் என்கிற இரும்புத் தண்டு பின்னால் போகும். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். போகிற போக்கில் போல்ட், தோட்டாவை அடிக்கிற சுத்தியை மல்லாத்தி வைக்கும், ஒரு சின்னத் தட்டு அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும். லீவரை மேலே இழுத்தால் போல்ட் அந்தத் தோட்டாவைக் குழலின் பின்கோடியில் இருக்கிற அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். ஒரே கை, போக ஒரு வீச்சு, வர ஒரு வீச்சு. தன் வேலையை முடித்துவிட்டு அடுத்தவர் வேலைக்கும் கை கொடுக்கிற குடும்பம் நான் பார்த்தவரை அந்த இரும்புக்குள் மட்டும்தான் இருக்கிறது. இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும். மாப்பிள்ளை கைக்குட்டையை நீட்டுவார், வந்தவர்கள் சிரிப்பார்கள்.

அதில் ஒரே ஒரு குறை. தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருப்பது குழலுக்கு அடியில் ஓடுகிற இன்னொரு குழாயில். அதன் முன்கோடியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் நுனியில் ஒரு கட்டை. அந்தக் கட்டைதான் தோட்டாக்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். மூடிய குழாய் என்பதால் உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. லீவரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியது, ஒன்றும் வெளியே விழாதபோது காலி என்று நம்ப வேண்டியது.

குழாய் எங்காவது நசுங்கியிருந்தால் கட்டை அங்கே சிக்கிக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருக்கிற கடைசித் தோட்டாவைத் தள்ள ஆளில்லை. முனையைத் தரைப் பக்கம் பிடித்தால் அது முன்னால் சறுக்கிப் போய் ஒளிந்துகொள்ளும், லீவரை எத்தனை தடவை ஆட்டினாலும் வராது. முனையை மேலே தூக்கினால் சமர்த்தாகச் சறுக்கி வந்து தட்டில் உட்காரும். அப்புறம் லீவரை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், அறைக்குள் போய்விடும். காலி என்று நீங்கள் சத்தியம் செய்த துப்பாக்கி இப்போது காலி இல்லை.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். குழாயின் பின்கோடியில், பக்கவாட்டில், நீளவாக்கில் ஒரு சின்னப் பிளவு. தள்ளுகிற கட்டைக்குச் சிவப்புச் சாயம். பிளவு வழியே சிவப்பு தெரிந்தால் காலி, தெரியாவிட்டால் கையை விசையிலிருந்து எடு. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த அன்று நான் சாப்பிடவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை, ஏனென்றால் நான் சாப்பிடாத நாட்களில்தான் வீட்டில் பேச்சு குறைவாக இருக்கும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

சுடும் கழகத்தின் செயலாளர் கடைக்கு வந்தபோது ஒரு பழைய குழாயில் அந்தப் பிளவைப் போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எங்க மச்சான் துப்பாக்கிக்கு ஜன்னல் வெச்சிருக்காரு சார். அடுத்த வாரம் திரைச்சீலை தைக்கக் குடுக்கப் போறோம்.”

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதானே. அதற்குப் பிறகு கடைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும், “என்னண்ணே, ஜன்னல்ல காத்து வருதா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறவன் கத்துவான், நான் குழாயைத் துடைத்து இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்க்க வேண்டிய துப்பாக்கி, பட்டறை வாசலில் இருக்கிற தாங்கியில் லீவர் திறந்தபடி தொங்கும், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவன் மாதிரி. வேலை முடிந்தால் நான் லீவரை மூடுவேன். சீட்டு கிடையாது, எழுத்து கிடையாது. திறந்திருந்தால் தொடாதே, மூடியிருந்தால் எடுத்துக்கொள். தரை பெருக்க வருகிற அம்மாவுக்குக்கூட இது தெரியும். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட இந்த வழக்கம் எங்களை ஏமாற்றியதில்லை.

ஒரு பண்ணைக்காரரின் துப்பாக்கி வண்டியிலிருந்து விழுந்து குழாய் நசுங்கி வந்தது. கட்டை சிக்கியிருந்தது. நான் துப்பாக்கியை அப்படியே தாங்கியில் மாட்டி, லீவரை மூடினேன்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு லீவரை மூடினேன். உங்கள் சட்டப் புத்தகத்தில் லீவரை மூடுவதற்குத் தண்டனை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் என் தொழிலில் எல்லோரும் உள்ளேதான்.

மாப்பிள்ளை வாடிக்கையாளர்களுக்கு ஒரு வித்தை காட்டுவார். முதலில் துப்பாக்கி முனையை மணல் தொட்டிக்குள் விட்டு லீவரை நாலைந்து தடவை ஆட்டி, “காலி” என்பார். அதில் அவர் ஒழுங்கு, குறை சொல்ல முடியாது. பிறகு துப்பாக்கியை நிமிர்த்தி, அடிக்கட்டையைத் தொடையில் ஊன்றி, குழந்தையை அணைக்கிற மாதிரி கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு லீவரை ஒரு வீச்சு வீசி விசையை அழுத்துவார். டிக் என்று ஒரு சத்தம். “அந்தச் சத்தத்தக் கேளுங்க, கடிகாரம் தோத்துப்போகும்” என்பார். முனையை முகத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னால்தான் யாரும் கேட்க மாட்டார்களே.

கூரையில் ஒரு ஓட்டை விழும், எல்லோரும் பயந்து நடுங்குவார்கள், ஜன்னலின் அருமை புரியும் என்றுதான் நினைத்தேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், சொல்லச் சொல்ல நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்களிடம் உண்மை பேச வந்துவிட்டு அரைகுறையாகப் பேசக் கூடாது. முனை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் உயரமும் தெரியும், அவர் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார் என்பதும் தெரியும். கூரை அதற்கு மேலேதான் இருக்கிறது.

அன்று வந்தவர் ஒரு பல் மருத்துவர். மாப்பிள்ளை தாங்கியிலிருந்து அந்தத் துப்பாக்கியைத்தான் எடுத்தார். கைக்கு வசதியாக முன்வரிசையில் மாட்டியிருந்தேன். எடுத்தவர் பட்டறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“மச்சான், இது முடிஞ்சிருச்சா?”

நான் அரம் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

“லீவர் மூடியிருக்கா பாருங்க மாப்ள.”

“மூடியிருக்கு.”

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. பிறகு அவர் மருத்துவரிடம், “எங்க மச்சான் கையால மூடிட்டாருன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல சார்” என்றார். என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். அந்த நேரத்தில் எழுந்து போய்த் துப்பாக்கியை வாங்கியிருக்கலாம். மணல் தொட்டியில் அவர் லீவரை ஆட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் விழவில்லை. என் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, அதை அனுபவித்துக்கொண்டிருந்ததில் எழுந்திருக்க மறந்துவிட்டேன்.

வெடித்ததில் மருத்துவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவர் நல்ல நேரம். அவருக்கு ஆகியிருந்தாலும் ஜன்னலின் அருமை புரிய அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

தோட்டா எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்கவில்லை. பண்ணைக்காரர் கவனமில்லாமல் விட்டுவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவரும் அப்படித்தான் நம்பி, கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். பாவம், அவர் ஒழுங்கான மனிதர். துப்பாக்கி வந்த அன்றே நான் குழாயைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாகக் காலி. தோட்டா என் இழுப்பறையிலிருந்து போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் எதிர்பார்த்த மாதிரியே நடந்தது. சிரித்த செயலாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஜன்னல் இல்லாத லீவர் துப்பாக்கி இனிமேல் கழகத்துக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். வரிசையாகத் துப்பாக்கிகள் வந்தன, தாங்கி முழுக்க லீவர்கள் வாயைப் பிளந்து தொங்கின. யாரும் காற்று வருகிறதா என்று கேட்கவில்லை. நான் விளக்கினேன், நின்று கேட்டார்கள், ஒருத்தர்கூடக் கொட்டாவி விடவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்த காலம் அதுதான், ஐயா. தங்கை அழுவதைப் பார்க்கும்போது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

போன வாரம் தங்கையும் செயலாளரும் சேர்ந்து வந்தார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, அவர் வீட்டுக்கு வந்தா உன் ஜன்னலப் பத்தியேதான் பேசுவாரு. ‘உங்க அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி, ஆனா அத அவர்கிட்ட சொன்னா விடிய விடிய விளக்குவாரு’ன்னு சிரிப்பாரு. கழகத்துல எல்லாரையும் ஒத்துக்க வெச்சிட்டு உனக்கு வந்து சொல்லணும்னு இருந்தாரு.”

செயலாளர் ஆமாம் என்றார். மாப்பிள்ளை வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரிடமும் பேசியிருக்கிறார். கிண்டல் பண்ணியதற்கு மன்னிப்பு மாதிரி இருக்கட்டும் என்று சொன்னாராம். அடுத்த கூட்டத்தில் முடிவாகியிருக்க வேண்டியது, அதற்குள் இப்படி ஆகிவிட்டது. அவர் பேச்சில்தான் கழகம் இறங்கி வந்தது என்பதால், அந்த ஜன்னலுக்கு அவர் பெயரையே வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். இனி செய்கிற ஒவ்வொரு குழாயிலும் அவர் பெயரைப் பொறிக்க வேண்டும். பொறிக்க வேண்டியது நான்.

“அவர் போனது வீண் போகலண்ணா” என்று தங்கை சொன்னாள். அவர் போனதற்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது அன்றைக்குத்தான். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை. மனசாட்சி என்பது இவ்வளவு தாமதமாக வேலைக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

நான் இதையெல்லாம் சொல்லிவிட்டால் தங்கை என்ன ஆவாள் என்று கேட்கிறீர்கள். உடைந்துபோவாள், தெரியும். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு யாராவது கஷ்டப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். பிளவு குழாயின் பின்கோடியில், வலப்பக்கம். கட்டை சிவப்பு. யோசனை முழுக்க முழுக்க என்னுடையது, இதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், கொலையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒருத்தன் உழைப்பை இன்னொருத்தன் பெயரில் எழுதுவது பெரிய பாவம், ஐயா.