பெயர்ப் பலகைக்கு மேலே நூற்று நாற்பது கிலோ

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மின்விசிறி ஓடி மூன்று வருடமாகிறது. எழுதிக் கொடுத்து அலுத்துவிட்டேன். உங்கள் ஸ்டேஷனில் நன்றாகக் காற்று வருகிறது, ஐயா. கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

புதுக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ் மாறி, பதினான்கு வருடமாக இதே பொறியியல் கல்லூரிக்கு வருகிறேன். கடைசி வருடப் பிள்ளைகள் செய்யும் இயந்திரங்களுக்குக் கணக்குப் போட்டு, வரைந்து கொடுத்து, வெல்டிங் முடியும்வரை கூடவே நின்று, மதிப்பெண்ணும் போடுகிற ஒர்க்‌ஷாப் வாத்தியார் நான். முடிந்ததும் ஒரு பித்தளைப் பெயர்ப் பலகை ஏறும். முதல் வரியில் துறைத்தலைவர் வெற்றிசெல்வன், கீழே பிள்ளைகள். சோலையப்பன் என்ற என் பெயர் ஒன்றில்கூட இல்லை. கோபமெல்லாம் முதல் நாலைந்து வருடத்தோடு போய்விட்டது. பிறகு அலுப்புதான். தினமும் அந்த முகத்துக்கு வணக்கம் வைக்கிற அலுப்பு.

இந்த வருடம் ரம்யாவின் இயந்திரம். ஜெகதாப்பட்டினத்துப் பெண். அவள் அப்பா ஐஸ் கம்பெனியில் பார் பாராகத் தூக்கி இடுப்பு போனவர். மூன்று ஐஸ் பாரை ஒரே ஆள் மேலே ஏற்றுகிற மாதிரி வேண்டும் என்றாள். நான்கு கப்பி, எதிர்ப்பக்கம் உயரத்தில் நூற்று நாற்பது கிலோ இரும்பு. அதைத் தாங்க அவள் அப்பாவே படகுக் கயிறு கொடுத்தனுப்பினார். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது.

புது இயந்திரம் என்றால் ஓட்டுவதற்கு முன் பூஜை உண்டு. சூடம், எலுமிச்சம்பழம், கடைசியில் சந்தனம். வெற்றிசெல்வன் வேறு யாரையும் விடமாட்டார். தன் பெயருக்கு நேரே குனிந்து, தானே பொட்டு வைப்பார். எல்லாம் முடிய ஆறேழு நிமிடம். அதனால் பலகையை அடித்தட்டில் பொருத்தினேன், எடைக்கு நேர் கீழே. கயிற்றின் உள்புரிகளை அறுத்துவிட்டு மேல்புரியை மட்டும் விட்டேன். அதே மாதிரி மூன்று துண்டு தயார் செய்து எடை தொங்கவிட்டுப் பார்த்தேன். மூன்றும் ஐந்தாவது நிமிடத்தில் அறுந்தன.

பூஜைக்கு முதல் நாள் ரம்யா கயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"சார், இந்த எடத்துல உள்ள தொளதொளன்னு இருக்கு. மாத்திருவோமா?"

"நான் பாத்துட்டேம்மா. போ."

சரிங்க சார் என்று போய்விட்டாள். நான் சொன்னால் அவளுக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது.

மறுநாள் தட்டில் சூடம் ஏற்றியதும், எடைக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டையை உருவிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். அவர் சூடம் காட்டினார், பழம் வைத்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்தவர் திரும்பினார்.

"ரம்யா, ஒன் மெசின்மா. நீயே வையி."

பதினான்கு வருடத்தில் அந்த மனிதர் செய்த ஒரே நியாயம்.

அவள் குனிந்தாள். நாலு நிமிடம் தாண்டியிருந்தது. தள்ளு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் பொட்டு வைத்து முடித்தவள், குனிந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"சார், ஒங்க பேரே இல்லையே?"

இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். மனசு நிறைந்துபோய்விட்டது ஐயா. அப்போதுதான் மேலே கயிறு அறுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவள் இறந்துவிட்டாள். கயிற்றை அறுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து அவளுக்கு ப்ராஜெக்ட் மதிப்பெண் போட்டேன். கயிற்றில் பழுது இருப்பதைக் கண்டுபிடித்த ஒரே பிள்ளை. நூற்றுக்கு நூறு. அடுத்தவர் உழைப்பை மறைக்க நான் என்ன வெற்றிசெல்வனா?