டோடோமா பக்கத்து அடிபம்பு

சைதாப்பேட்டையிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த கண்ணாடிக்காரர் போனில், “மே மாசம் குடும்பத்தோட ஆப்பிரிக்கா போறோம். பத்து நாள்ல அஞ்சு நாடு,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அவர் பக்கத்தில் இருந்த காக்கிச் சட்டைக்காரர் திரும்பினார். “ஆப்பிரிக்கால எங்க சார்? அங்க நாலு நாட்டுல நான் போர்வெல் போட்டுகீறேன்.”

“கென்யா, தான்சானியான்னு ஆரம்பிக்குது.”

“தான்சானியாக்குள்ளயே நம்ம தமிழ்நாட்ட ஏழு தபா வெக்கலாம் சார். அது ஒண்ணே போதும். அஞ்சு நாடு போனா ஏர்போர்ட்டதான் பாப்பீங்க. மே மாசம் மழை, மண் ரோட்டுல வண்டி போவாது. ஜூன்ல போங்க. மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு கைலயே இருக்கட்டும்.”

“ஜூன்ல ஸ்கூல் தொறந்துடுமே.”

“சிங்கம் ஸ்கூலுக்கு வராது சார். லீவ் போடுங்க.”

“நீங்க நெறைய சிங்கம் பாத்திருப்பீங்க.”

“ஒண்ணுகூட பாக்கல. நான் தரையதான் பாத்துக்கினு இருந்தேன்.” கண்ணாடிக்காரர் பக்கம் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தார். “தான்சானியால டோடோமா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாசல்ல நான் போட்ட அடிபம்பு கீது சார். முடிஞ்சா ரெண்டு அடி அடிச்சிப் பாருங்க. தண்ணி இன்னும் வருதான்னு தெரிஞ்சா போதும்.”

அடையாறு வந்தும் கண்ணாடிக்காரர் இறங்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.