மூழ்கிய கப்பலில் சமைத்தவர்

தொண்ணூறுகளில் ஒரு காலை, டூட்டிங் நிலையத்தில் ஏறிய இருவர் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கோட்டுப் போட்ட பெரியவரின் மடியில் ஒரு பைல். மற்றவர் கடைச் சீருடையில் இருந்த இளையவர்.

"அப்பா ஏறமுன்னமே அந்தக் கப்பல் கடலில மூழ்கித் தாண்டுபோச்சாம்," என்றார் பெரியவர்.

"அதெப்பிடி அண்ணை? தாண்ட கப்பலில ஆர் ஏறுறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில திருகோணமலையில ஏறி, வெள்ளைக்காரரின்ர அந்த நாசகாரிப் போர்க்கப்பலில ரெண்டு வருசம் சமைச்சவர். ஆவணக் காப்பகத்தில கப்பலின்ர பேரைக் குடுத்து அதின்ர வரலாறை எடுத்தன். சண்டை துவங்கின கையோட தாண்டதெண்டு கிடக்கு. என்ர தம்பியே சொல்லுறான், அப்பா புளுகினவரெண்டு. நான் விடமாட்டன். இண்டைக்கு மூண்டாம் தரம் போறன்."

பைலிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினார். இளையவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்கட அப்பா நிக்கிற கப்பலின்ர முகப்பில நம்பர் தெரியுது. காப்பகத்தில தந்த தாளிலயும் இதே நம்பரோ?"

"இல்லை. டைப் பண்ணேக்க பிழைவிட்டிட்டினமெண்டு நினைச்சன்."

"உங்கட மகனுக்கு என்ன பேர் அண்ணை?"

"அப்பான்ர பேர்தான். அவர் தவறின வருசம் பிறந்தவன்."

"கப்பலுக்கும் அப்பிடி வைச்சிருப்பினம். தாண்டதின்ர பேரைப் புதுசுக்கு."

பெரியவர் படத்தை வாங்கி அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மாறவேண்டிய இடம் வந்ததும் பைலை மூடிக்கொண்டு எழுந்தார்.

"இவ்வளவு நாளும் தாண்டுபோன கிழவனோட மினக்கெட்டிட்டன். இண்டைக்கு இந்த நம்பரைக் குடுத்துப் பேரனை எடுத்துத் தரச் சொல்லுறன்."