மூத்த நாய்க்கு முதல் தட்டு

நாய்க்குச் சோறு வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வீட்டில் இரண்டு நாய் இருந்தால் மூத்ததற்கு முதலில் வைக்க வேண்டும். அது வாய் வைத்த பிறகுதான் இளையதற்கு. ஒன்றின் தட்டு இன்னொன்றின் கண்ணில் படக் கூடாது. நான் அந்த முறையை ஒருநாளும் மீறியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காளவாசலில் எங்கள் வீடு. நானும் என் வீட்டுக்காரர் காசிமாயனும் கீழே. கொழுந்தன் ஆண்டிச்சாமி, அவன் பெண்டாட்டி ரோகிணி, அவர்கள் பிள்ளை தங்கப்பொண்ணு மூவரும் மாடியில். அடுப்பு ஒன்றுதான். மூத்த நாய் ராக்கி, கறுப்பு நாட்டு நாய். என் மகன் சூரியபிரகாஷ் காலேஜ் படிக்கும்போது சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்த குட்டி அது. அவன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்து மூன்று வருஷம் ஆகிறது. சாயங்காலத்தில் எந்த யமஹா சத்தம் கேட்டாலும் ராக்கி கேட்டுக்கு ஓடும். பின்னாலேயே நானும் போய் நிற்பேன். என் வீட்டுக்காரர் பார்த்தால் திட்டுவார் என்று கையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டிச்சாமி ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்து டைகர் என்று பேர் வைத்தான். குட்டியாக இருந்தவரை தொந்தரவு இல்லை. அது வளர்ந்து உயரமானதும் சண்டை தொடங்கியது. சோற்றுக்குச் சண்டை, வாசல்படி நிழலுக்குச் சண்டை, யார் செருப்புப் பக்கத்தில் யார் படுப்பது என்று சண்டை. தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பிரித்து என் முதுகே போய்விட்டது. உள்ளதைச் சொன்னால், வம்பிழுப்பது எப்போதும் ராக்கிதான். டைகர் முடிந்தவரை ஒதுங்கிப் போகும்.

ராக்கியின் காது கிழிந்தபோது தல்லாகுளம் பக்கம் மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டர் தையல் போட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "மொதல்ல வந்தவனுக்கு மொதல் மரியாதம்மா. சோறு, தடவிக்குடுக்குறது, படுக்குற எடம், எல்லாத்துலயும் அப்படித்தான். எளசு தானா அடங்கிரும். அப்பவும் ஒத்துவரலையா, ஒன்ன வேற வீட்டுக்கு அனுப்பிருங்க. அது பாவமில்ல. தெனமும் கடிபட விடுறதுதான் பாவம்."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. நான்கு மாதம் அப்படியே நடந்தேன். டைகர் அடங்கியது. ராக்கி அடங்கவில்லை. ஒருநாள் சண்டையில் குறுக்கே போன என் வீட்டுக்காரருக்குக் கையில் கீறிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ சண்ட வந்துச்சு, இந்தக் கெழட்டு நாயச் சமயநல்லூர்ச் சூளையில கொண்டுபோய் விட்டுருவேன். அம்புட்டுத்தான்."

அவரிடம் அழுது பார்த்தேன். "செத்தவன் நெனப்பு ஒனக்கு மட்டுந்தானா இருக்கு? நாய் நாய்தான் ஜெயக்கொடி," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ராக்கியைச் சூளையில் விட்டுவிட்டால் இந்த வீட்டில் சூரியபிரகாஷின் வாசனை யாருக்குத் தெரியும்? நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள். இரண்டில் ஒன்று போக வேண்டும் என்றாகிவிட்டது. எது போக வேண்டும் என்று முடிவு பண்ணுகிற இடத்தில் நான் இல்லை. டைகருக்கு ஒரு கெட்ட பேர் வந்தாலொழிய ராக்கிக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆம்பிளைகள் கறிச்சோறு தின்றுவிட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோகிணி தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தில் டைகருக்கு நல்ல எலும்பாக ஒன்று போட்டேன். எலும்பு கடிக்கும்போது கிட்டே யார் போனாலும் அது உறுமும். இரண்டு வயசுத் தங்கப்பொண்ணு என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போடா கண்ணு, டைகர்ட்ட இருக்குறத வாங்கிட்டு வா," என்றேன்.

ஒரு பல்தடம் பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். நான் மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். விட்டுவிட்டு எங்கும் போகவில்லை.

டைகர் உறுமவில்லை. பிள்ளை கையை நீட்டியதும் எலும்பை விட்டுவிட்டு அவள் முகத்தை நக்கியது. பிள்ளை சிரித்தாள். எலும்பைத் தூக்கி என்னிடம் காட்டினாள். அந்த நேரத்தில் துவைகல்லுக்குப் பின்னாலிருந்து ராக்கி பாய்ந்து அவள் முன்னங்கையைக் கவ்வியது. அதைக் கட்டிப்போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அதைக் கட்டிப்போட்டு வளர்த்ததில்லை.

வாயைப் பிரித்து எடுத்துவிட்டேன். ரோகிணி ஈரத்தலையோடு ஓடிவந்தாள். "அக்கா, எந்த நாய்? எந்த நாய்?"

டைகர் என்றேன்.

அவள் கேட்டது அது ஒன்றுதான். வேறு எதையும் அன்றைக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆண்டிச்சாமி இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு சங்கிலியைப் பிடித்தான். ஊர்சுற்றப் போகிறோம் என்று டைகர் வாலை ஆட்டிக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கடிச்ச நாய் எங்க? பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. அது நல்லா இருந்துச்சுன்னா ஊசியப் பாதியிலயே நிப்பாட்டிரலாம்," என்றார். ஆண்டிச்சாமி தலையைத் தொங்கப்போட்டான். "அடிச்சுக் கொன்னுட்டேன் சார்." அப்படியென்றால் பூராவும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ரோகிணிக்குப் பார்க்க மனசு வராது; வெளியே நின்று அழுவாள். அதனால் தினமும் நான்தான் பிள்ளையை மடியில் போட்டுக் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வயிறு கன்றிப்போய்த் தொட்டாலே அலறுவாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ராக்கியைப் போய்ப் பார்ப்பேன். நன்றாகச் சாப்பிட்டது, நன்றாகத் தண்ணீர் குடித்தது. பிள்ளைக்கு ஒன்றும் வராது என்ற நிம்மதி எனக்கு இருந்தது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அதை அவர்களுக்கும் கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் ராக்கி இருக்காது. "மதினி இல்லாட்டி எம்பிள்ள என்னாயிருக்கும்," என்று ஆண்டிச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பாவம், அவனும்தான் என்ன செய்வான்?

அதற்குப் பிறகு வீட்டில் சண்டையே இல்லை. தட்டு ஒன்றாகிவிட்டது. தங்கப்பொண்ணு மட்டும் ராக்கியைக் கண்டால் வீறிடுவாள். எந்த நாயைக் கண்டாலும் பயம் என்று சொல்லி வைத்திருந்தேன். தெருநாய்களைக் கண்டு அவள் பயப்படுவதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அவளுக்கு மூன்று வயசு முடியப்போகிறது. பேச்சுத் திருந்திவிட்டது. போன வாரம் மாடிப்படியில் நின்றுகொண்டு, கையிலிருந்த தழும்பைக் காட்டி, ராக்கியைக் காட்டி, "இவந்தான் கடிச்சான். பெரியம்மா எலும்பு எடுக்கச் சொன்னாங்க," என்றாள். ஆம்பிளைகள் சிரித்தார்கள். ரோகிணி சிரிக்கவில்லை. "என்னக்கா சொல்றா இவ?" என்றாள்.

"சின்னப்பிள்ள. கனவு கண்டதச் சொல்லுதுடி," என்றேன்.

அன்றிலிருந்து ராக்கி பிள்ளையைப் பார்த்து உறுமத் தொடங்கியிருக்கிறது. பிள்ளையும் கல்லை எடுக்கிறாள். நான் எம்புட்டோ பார்த்துவிட்டேன். ராக்கிக்கு முதலில் சோறு வைத்துவிட்டுத்தான் பிள்ளைக்கு ஊட்டுகிறேன். ராக்கியைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் அவளைத் தூக்குகிறேன். ஒத்துவரவில்லை. பயந்த பிள்ளைக்கு இடம் மாறினால் நல்லது, ரோகிணியின் அம்மா ஊரிலேயே ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று ஆண்டிச்சாமியிடம் எடுத்துச் சொன்னேன். அவன் என் பேச்சைத் தட்டியதில்லை. ரோகிணி மாடியில் அழுதுகொண்டிருக்கிறாள். நான் பிள்ளையின் கவுன்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னதுதான். ஒன்றை வேறு வீட்டுக்கு அனுப்புவது பாவமில்லை. இந்த வீட்டுக்கு முதலில் வந்தது ராக்கி.