பன்னிரண்டு கொலைக்கதைகள்

எழுபதுகளில் ஒரு காலை, பரமட்டாவிலிருந்து சிட்னி நகரத்துக்குப் போகும் ரயில். எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். மூத்தவரின் மடியில் ஒரு பழைய துப்பறியும் நாவல்.

"பன்னிரண்டு கொலை செய்தனான். ஒண்டிலையும் என்ர பேர் இல்லை," என்றார் மூத்தவர்.

"கதையிலதானே, அக்கா?"

"ஓம். இந்த நாவலை எழுதினவ அந்தக் காலத்து அமெரிக்கப் பொம்பிளை. பொம்பிளையால இப்பிடி எழுதேலாது எண்டு சனம் சொன்னதாம். அவ தன்ர பேரை விடேல்லை. நான் சனத்துக்குப் பயந்து என்ர மனிசன்ர பேரைப் போட்டுப் பேப்பருக்குக் கதையளை அனுப்பினனான்."

"அவரும் போயிட்டார். இனி உண்மையைச் சொல்லலாம்தானே?"

"எப்பிடிச் சொல்லுறது? 'பிரபல எழுத்தாளர் காலமானார்' எண்டு பேப்பருக்கு எழுதிக் குடுத்ததும் நான்தான்."