கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே

தேநீரில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடலாம் ஐயா. ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்தைப் பற்றித்தானே விசாரித்து எழுத வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன். அதற்கு முன்னால் கண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஜாவாவில் இந்தக் கிளாத்தன் வட்டாரத்தில் பதினெட்டு வருடமாக நான் இறகுப்பந்துக்கு லைன் அம்பயர். கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்து, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன்பு பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து எங்கள் தலையில் ஒரு கருவியை மாட்டி, திரையில் ஓடும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். புள்ளி இடவலமாக ஓடினால் கண் கூடவே வழுக்கிக்கொண்டு போகிறது. மேலும் கீழும் போனால் பின்தங்கி, தத்தித் தத்தித் துரத்துகிறது. "உங்க கண்ணு மட்டும் இல்லைங்க, எல்லார் கண்ணும் இப்படித்தான்" என்றாள் கருவியோடு வந்த பெண்.

மற்ற அம்பயர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மேலிருந்து இறங்கும் பந்தை ஒருவரும் சரியாகப் பார்ப்பதில்லை என்றால், நான் சொல்கிற இடத்தில்தான் பந்து விழுந்தாக வேண்டும்.

அதற்கு அடுத்த வருடம் என் மகள் ராத்ரிக்கு, எங்கள் வட்டார ஆட்டக்காரன் தாமரோடு கல்யாணம் பேசி முடிவாகியிருந்தது. அந்த வருட வட்டாரக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெயித்தால் அவனுக்கு ஜகார்த்தா கிளப்பில் இடம். மனைவி இல்லாத வீட்டிலிருந்து மகளும் போய்விட்டால் எனக்கு யார் சோறு போடுவது? கடைசிப் புள்ளிக்கு அவன் அடித்த அடி கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேயே விழுந்தது. தெளிவாகப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்தேன். வெளியே.

அவன் சண்டை போடவில்லை. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கல்யாணம் முடித்து, என் வீட்டோடேயே வந்துவிட்டான்.

மூன்று வருடம் ஐயா. விடிவதற்குள் என் படுக்கையறைச் சுவரில்தான் பந்தடித்துப் பழகுவான். ஐந்து பேர் சோற்றை ஒருவனே தின்பான். நான் முணுமுணுத்தால் ராத்ரி விடமாட்டாள். "அன்னிக்கு அவர் ஜெயிச்சிருந்தா, நாங்க ஏன்ப்பா இங்க உக்காந்து உங்க மூஞ்சியப் பார்க்கப்போறோம்?"

ஞாயிறன்று அதே கோப்பை, அதே ஜகார்த்தா இடம். எதிரில் ஆடிய இளைஞன் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் என் பக்கம் தாமர் அடித்ததெல்லாம் உள்ளே. சங்கச் செயலாளரின் தட்டில், பொரித்த சோயா தெம்பேத் துண்டின் மேல் விழுந்ததுகூட உள்ளேதான். அவர் தட்டோடு எழுந்து நின்று, "யோவ் சுரோத்தோ, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்றார்.

"மேலேர்ந்து வந்துச்சுங்க" என்றேன்.

தோற்ற இளைஞன் மட்டையைக் கிணற்றில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சின்ன வயது, மறந்துவிடுவான்.

மருமகன் பாசத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா, அது அபாண்டம். இரண்டு முறையும் தெரிந்தே மாற்றிச் சொன்னேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேண்டியவன், வேண்டாதவன் என்று நான் பார்த்ததே இல்லை. வேண்டியவனாக இருந்தபோது தோற்கடித்தேன். வேண்டாதவன் ஆனபிறகு ஜெயிக்க வைத்தேன். இதைவிட நடுநிலையாக ஒரு மனிதன் எப்படி இருக்க முடியும்?